ஜிம்புலாட்டி என்றால் குனி

பெருமதிப்பிற்குரிய என் கணவருக்கு,

தங்கள் மனைவி பணிவன்புடன் எழுதுவது. நான் நலம். தங்கள் முழங்கால் வலி தணிந்ததா? மகள் வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

இங்கே நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர், கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கொண்டே அடிப்பவர். ஆகவே அவருக்குப் புரியாத சில சொற்களைப் படைத்து, உடன் பணிபுரியும் மூவருக்கும் கற்பித்திருந்தேன். ‘லொபுக்கு’ என்றால் வெறும் கத்தல்தான், அஞ்சவேண்டாம். ‘ஜிம்புலாட்டி’ என்றால் கை ஓங்கிவிட்டார், உடனே குனியவேண்டும்.

திங்களன்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு விரிப்பைக் கருக்கிவிட்டாள். அவர் சூடான இஸ்திரிப் பெட்டியையே அவள் முகத்துக்கு நேரே ஓங்கினார்.

“ஜிம்புலாட்டி!” என்று அலறினேன். மற்ற மூவரும் குனிந்தனர். அவளோ நிமிர்ந்து என்னைப் பார்த்து, “அப்படின்னா என்னக்கா?” என்றாள்.

அவளுக்குக் கற்பிக்க மறந்தது என் பிழை. பாய்ந்து என் வலக்கையைக் குறுக்கே நீட்டினேன். பிறகு ஈரப் போர்வையை அவர் தலையில் கவிழ்த்து, அனைவரும் ஓயும்வரை மொத்தினோம்.

“ஐயோ, விட்டுடுங்கம்மா!”

“இதுக்கு என்ன வார்த்தைக்கா?” என்றாள் புதியவள்.

“இதுக்கெதுக்குடி புதுசு? அடின்னே சொல்லு.”

மறுநாள் முதல் அவர் வரவில்லை. அவள் முகத்தில் கீறல்கூட இல்லை. எனக்குச் சிறு கொப்புளம், அவ்வளவே. தீப்புண் களிம்பு, பெரிய குப்பியாக, அனுப்பவும். அத்துடன் மகளை ஒரு பக்கம் நிறைய ஏதேனும் எழுதச் சொல்லி, அதையும் சேர்த்து அனுப்புங்கள்; அவள் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. கையெழுத்து மாறியிருப்பது கண்டு கலங்கவேண்டாம். நான் சொல்லச் சொல்ல எழுதுபவள் அந்தப் புதிய பெண்தான். பிழைகள் இருப்பின் அவை அவளுடையவை.

தங்கள் நலம் நாடும்
மனைவி