ஏழாம் கிரீனில் ஒரு நடவு

ஒதியம்பட்டு,
நவம்பர் 9

அன்பு மகள் சுகந்திக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவில் நான், அப்பா, உன் அண்ணன், அண்ணி, அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளை, ஆடு இரண்டும் உட்பட இந்த வீட்டில் எல்லோரும் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் செபம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில்தான் நீ மூன்று மாதமாக "சாப்ட்டேன்", "தூங்கப் போறேன்" என்பதையும் புல்லையும் தாண்டி மனசுவிட்டு எதுவும் பேசுவதில்லையே. காரணம் நான்தான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஓட்டல் படிப்பை முடித்துவிட்டு கோல்ஃப் மைதானத்தில் புல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் என்று நீ ஆகஸ்டில் சொன்னதும், "புல்லு புடுங்கறதுக்காடி பிளேன் ஏறுன, அதுக்கு எங்கூட புல்லு வேலைக்கே வேன்ல ஏறியிருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். பிறகு நீ, அங்கேயே இரண்டு வருடப் பயிற்சி தருகிறார்கள், டிசம்பர் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், "நீ வேணாம்னா ஊருக்கே வந்துடறேம்மா" என்று எழுதி அனுப்பினாய். நான் அதற்கு இன்றுவரை பதில் போடவில்லை. பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, பள்ளிக்கூடத்துக் கதைப் புத்தகத்திலிருந்தே உனக்கு அந்தப் புத்தி.

வீட்டுச் செய்தி முதலில். செலினுக்கு ஏழாம் மாதம், மாங்காய்க்குப் பதிலாக மிக்சர் தின்றுகொண்டே இருக்கிறாள், அருண் தினமும் ஒரு பாக்கெட் வாங்கி வருகிறான், அதில் பாதியை அப்பா தின்றுவிட்டுப் பழியை ஆட்டின் மேல் போடுகிறார். அப்பாவின் வெல்டிங் பட்டறையில் ஓடு மாற்றி ஷீட் போட்டாயிற்று, மழை பெய்தால் இப்போது ஒழுகுவதில்லை, ஆனால் அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்பதில்லை, அப்பாவுக்கு அது வசதியாகவே இருக்கிறது. நீ அனுப்புகிற வீடியோவையெல்லாம் பார்க்கிறேன். பதில் போடாததால் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. விடிந்ததும் நீளக் கழியை வீசிப் புல்லின் மேல் இருக்கிற பனித்தண்ணீரைத் தட்டிவிடுகிறாயே, அதை நான்கு முறை பார்த்தேன். உறைபனி விழுந்த நாளில் புல்லை மிதித்தால் கால் பட்ட இடமெல்லாம் கருகிப்போகும் என்று அன்றைக்கு யாரையும் உள்ளே விடுவதில்லையாமே. உங்கள் ஊரில் புல்லுக்குக்கூட லீவு இருக்கிறது என்று வேலைக்குப் போகிற வேனில் சொன்னேன், என்னோடு புல் வேலை செய்கிற தையலம்மாள் "நம்மளயும் புல்லுன்னு எழுதிக்கச் சொல்லுக்கா" என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் ஒரு வீடியோ அனுப்பினாயே, நன்றாக இருக்கிற பச்சைப் புல்லில் மிஷினை ஓட்டி வரிசையாக ஓட்டை போடுகிறீர்கள், விரல் மாதிரி மண்ணும் புல்லுமாக வெளியே வந்து விழுகிறது. இலையுதிர்காலத்தில் வருடா வருடம் இப்படிச் செய்வோம், மிதிபட்டு இறுகிப்போன மண்ணுக்கு மூச்சு வரும், மழைத் தண்ணீர் இறங்கும் என்று சொன்னாய். நானும் சும்மா கேட்கிற மாதிரி, அந்த ஓட்டையில் என்ன போடுவீர்கள் என்று கேட்டேன், மணல் என்றாய். வெளியே வந்த மண்ணை என்ன செய்வீர்கள் என்றேன், அள்ளிக் கொட்டிவிடுவோம் என்றாய். சும்மா கேட்கவில்லையடி. பாகூர்ப் பக்கத்து எங்கள் கோல்ஃப் மைதானத்தில், பந்துக்குழியில் ஏழாவது கொடி நட்ட புல் வட்டம் உனக்கு நினைவிருக்கும், நீ பிளஸ் டூ லீவில் என்னோடு வந்து கோரை பிடுங்கிய இடம். ஐப்பசி மழைக்கு அந்த ஏழாம் கிரீனில் மட்டும் வாத்து விடலாம். தண்ணீர் வடியாமல் புல் அழுகி, தையில் மறுபடி நட்டு, இதே பாட்டுத்தான் ஆறு வருடமாக. அதனால் மேனேஜர் நடேசன் சாரிடம் போய் ஓட்டை போட்டுப் பார்ப்போமா என்று கேட்டேன். யார் சொன்னது என்றார். டிவியில் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. எப்படியும் வீணாய்ப்போன கிரீன்தானே என்று அது ஒன்றில் மட்டும் ஆட்டத்தை நிறுத்தி வைத்து எங்களிடம் விட்டார்.

மிஷினுக்கு எங்கே போவது? உன் வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். பட்டறையில் அரை இஞ்ச் பைப்பை ஆறு துண்டாகச் சாய்வாக வெட்டி, ஒரு பட்டையில் வரிசையாகப் பற்றவைத்து, மேலே பழைய சைக்கிள் ஹேண்டில்பாரைப் பொருத்திக் கொடுத்தார். முதல் நாள் பத்து மிதிக்குள் பைப்பில் மண் அடைத்துக்கொண்டது, ஆணி வைத்துக் குத்தி எடுத்தோம். மறுநாள் பைப்பின் பக்கவாட்டில் ஒரு வாய் வெட்டிக் கொடுத்தார், அடுத்த மிதிக்கு முந்தின மண் தானாக வெளியே வந்து விழுந்தது. அன்றிலிருந்து அப்பா தெருவில் நடக்கிற நடையே வேறு. நாங்கள் எட்டுப் பேரும் மாற்றி மாற்றி ஏறி மிதித்து நான்கு நாளில் கிரீன் முழுக்க ஓட்டை போட்டோம். நடேசன் சார் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, அம்ம போட்ட மூஞ்சி மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க, மொதலாளி பார்த்தா நான் இன்னா பதில் சொல்றது" என்று தலையில் கை வைத்தார். உங்கள் ஊரிலும் ஆட வருகிறவர்கள் இதற்குத்தான் உங்களைத் திட்டுகிறார்கள் என்று சொன்னாயே, அதை நினைத்துக்கொண்டு விழுந்த மண்ணை வாரத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை பாதிக் கிரீனில் மண்ணை அள்ளிவிட்டு மணலை இறைத்து விளக்குமாற்றால் தள்ளி ஓட்டைகளை நிரப்பிவிட்டோம். மறு பாதிக்கு மணல் டிராக்டர் மறுநாள் வரும் என்றார்கள். மறுநாள் எனக்கு லீவு, செலினை அரியூர் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை வேனைவிட்டு இறங்குகிறேன், எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியான ஆண்டாள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள், முகமெல்லாம் பல். பாதிக் கிரீன் ஓட்டையே இல்லாமல் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கிறது. என்ன நடந்தது தெரியுமா? டிராக்டர் வரவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கண் முன்னே ஆயிரக்கணக்கில் ஓட்டை, பக்கத்திலேயே வேரும் புல்லுமாக ஆயிரக்கணக்கில் மண் துண்டு. ஆண்டாளும் தையலம்மாளும் பிறந்ததிலிருந்து நடவு நட்ட கைக்காரர்கள், அதைப் பார்த்துவிட்டு அவர்களால் சும்மா உட்கார முடியுமா? எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, குனிந்து, பின்னாலேயே நகர்ந்து, ஒவ்வொரு துண்டையும் அதனதன் ஓட்டையில் திரும்ப நட்டுவிட்டார்கள்! கட்டைவிரலால் அழுத்தி வேறு. "ஒண்ணு வுடாம நட்டுட்டோம்க்கா, புள்ளையாருக்கு வெக்கிற அருகம்புல்லு மாதிரி இருக்குது, அதப் போயி குப்பையில கொட்டச் சொன்னியே, பாவம் இல்லியா" என்கிறாள். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அதற்குள் நடேசன் சார் வந்து, இந்தப் பாதிதான் அருமை, அந்த மணல் பாதியையும் இதே மாதிரி நட்டுவிடுங்கள் என்றார். அந்த மண்ணெல்லாம் குப்பையோடு போய்விட்டது என்று சொல்லித் தப்பித்தேன். நட்டதைத் திரும்பப் பிடுங்கினால் ஆண்டாள் மனசு உடைந்துபோகும், அப்படியே விட்டுவிட்டேன். இந்த வருடமும் வாத்துதான், என் மகள் சொன்னதை நான் கெடுத்துவிட்டேன் என்று அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

தீபாவளி கழிந்த வாரம் இரண்டு நாள் விடாத மழை. சங்கராபரணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே பார்க்கப் போனது. மூன்றாம் நாள் காலை மழை விட்டதும் ஏழாம் கிரீனுக்குப் போனால் நடேசன் சார் குடையோடு நடுவில் நிற்கிறார். கயிறு பிடித்த மாதிரி ஒரு கோடு. ஆண்டாள் நட்ட பக்கம் கணுக்கால் தண்ணீர், மணல் போட்ட பக்கம் காலை ஊன்றினால் ஈரம் மட்டும். அவர் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்து வைத்துப் பார்க்கிறார், சின்னப் பிள்ளை போல. ஏன் இப்படி என்று கேட்டார். "நான்தான் சார், பாவம்னு நட்டுட்டேன்" என்று ஆண்டாள் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள், தலை நிமிரவே இல்லை. அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, முழுக்கச் சரியாகச் செய்திருந்தால் இந்த வருடம் மழை குறைச்சல், அதனால்தான் தண்ணீர் நிற்கவில்லை என்று நானே சொல்லியிருப்பேன், இப்போது எந்த வாயால் சொல்வது என்று சிரித்துவிட்டார். மழைக்காலம் போனதும் ஒன்பது கிரீனுக்கும் ஓட்டை, ஆண்டாள் பக்கத்துக்கும் சேர்த்து என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நெஜத்தச் சொல்லும்மா, டிவில எந்தச் சேனல்ல இதெல்லாம் காட்றான்" என்றார். எட்டுப் பேர் முன்னால் சொன்னேன், என் மகள் சுகந்தி, அயர்லாந்தில் இதே வேலை செய்கிறாள், அவள் சொன்னது என்று. எந்தெந்த மாதம் என்னென்ன செய்ய வேண்டும் என்று உன்னிடம் எழுதி வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார். தமிழில் எழுது, அவருக்கு நான்தான் படித்துக் காட்டப்போகிறேன்.

கல்லறைத் திருநாளுக்குத் தாத்தா கல்லறையைச் சுத்தம் செய்யப் போயிருந்தோம். பக்கத்தில் அன்னாமேரி, அவர்கள் வீட்டுக் கல்லறையில் களை பிடுங்கிக்கொண்டே, "சுகந்தி பெரிய ஓட்டல்ல மேனேஜராமே" என்று கேட்டாள். கோயில் வாசலில் அந்தப் பொய்யைப் பரப்பியதே நான்தான். கையில் கோரையைப் பிடித்துக்கொண்டே, இல்லக்கா, கோல்ஃப் மைதானத்தில் புல் வேலை, நானும் என் மகளும் ஒரே வேலை என்றேன். அவள் கையிலிருந்த களையை உதறிப் போட்டுவிட்டு, "அப்ப இந்தக் கோர எங்க மாமியா மேலயே மொளைக்கிதே, அதுக்கு இன்னா பண்றதுன்னு அவளக் கேட்டுச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான். இதற்குப் போயா மூன்று மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன், தாத்தாவுக்காக அழுகிறேன் என்று அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சுகந்தி, உன் வேலையைக் கேவலமாக நினைத்து நான் அப்படிப் பேசவில்லை. என் வேலைதான் எனக்கு இத்தனை வருடமும் கேவலமாக இருந்திருக்கிறது, அது உன் மேல் ஒட்டக் கூடாது என்று பயந்தேன். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள். நீ கையெழுத்துப் போடு. இரண்டு வருடமும் இருந்து முழுக்கக் கற்றுக்கொள். ஊருக்கு வர வேண்டாம் என்று சொல்லவில்லை, பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு லீவு எடுத்துக்கொண்டு வா, ஏழாம் கிரீனையும் வந்து பார்.

ஈரச் சாக்ஸோடு நிற்காதே, இரண்டு சோடி எடுத்துப் போ. கழி வீசும்போது இடுப்பை வளைக்காமல் தோளால் வீசு, வீடியோவில் பார்த்தேன், வயதானால் என்னைப்போல் இடுப்பைப் பிடித்துக்கொள்வாய். ஞாயிறு பூசையை விடாதே. அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொன்னார், நானும் போடுகிறேன், ஆண்டவர் உன்னை நிழல்போலத் தொடர்ந்து காக்கட்டும். இன்னும் ஒன்று. பத்தாம் வகுப்பு விண்ணப்பத்திலிருந்து பாஸ்போர்ட்டுக்குக் காகிதம் எழுதியது வரைக்கும், அம்மாவின் தொழில் என்று கேட்ட இடத்திலெல்லாம் உன்னை இல்லத்தரசி என்றுதான் எழுத வைத்தேன். அந்தப் பயிற்சிப் படிவத்திலும் அப்படி ஒரு கட்டம் இருந்தால், இந்த முறை உள்ளதை எழுது.

உன் அன்பு அம்மா,
அ. சகாயராணி,
புல்வெளிப் பராமரிப்பு.