முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்

6.1.96

என் வாத்தியாரம்மா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பயம் விடவில்லை. என் வீட்டுக்காரி மறுபடி உண்டாகியிருக்கிறாள். போன தடவை மூன்றாம் மாதமே கலைந்துபோனது உனக்குத் தெரியும். அதனால் இந்த முறை உன்னைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் மாடிப்படி இறங்கினாலே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறேன். கீழே பட்டறையில் நான் தகரம் தட்டும் சத்தம் பிள்ளைக்கு ஆகுமா? பெட்டி செய்து பிழைக்கிறவன் சுத்தியலை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பேன்? நாளெல்லாம் வாண்டுகளோடு மல்லுக்கட்டுகிறவள் நீ. என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, எல்லாவற்றையும் எழுது.

உன் பயந்தாங்கொள்ளித் தம்பி

15.1.96

அன்புத் தம்பிக்கு,

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன். சந்தோஷத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

டாக்டர் தரும் மாத்திரைகளை ஒரு நாள்கூட விடக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக்கூடாது, சொல்லிவை. ஒரேயடியாகச் சாப்பிட முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். வயிறு வலித்தாலோ, துளி ரத்தம் பட்டாலோ ‘பார்க்கலாம்’ என்று உட்காராதே, ஓடு. உன் பக்கத்தில் நின்று தகரம் பிடித்துக் கொடுக்கிறாளே, அதை இன்றோடு நிறுத்து. மாடியில் இருக்கட்டும்.

முக்கியமாக, உன் பயத்தை அவள் தலையில் ஏற்றாதே. எனக்கும் பயம்தான். சொல்லக்கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

அக்கா

3.4.97

அக்காவுக்கு உன் மருமகன் அனுப்பும் எச்சில் முத்தங்கள்!

குட்டி முதலாளிக்கு எட்டு மாதம். பிடிக்காமலே உட்காருகிறான். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குள் போகிறது. நீ எழுதியபடி தடுப்பூசியெல்லாம் போட்டாகிவிட்டது.

ஊரே மூக்கில் விரல் வைக்கிறது அக்கா. கீழே ரெண்டு பேர் சேர்ந்து தகரம் தட்டினாலும் மேலே ராஜா மாதிரி தூங்குகிறான். போன வாரம் அடுக்கி வைத்த பெட்டிகள் மொத்தமும் சரிந்து விழுந்தன. தெருவே ஓடி வந்தது. இவன் கண்ணைத் திறக்கவில்லை! பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, “தங்கமான பிள்ளைப்பா, தொந்தரவே கிடையாது” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். அவர் பேத்தி ஒரு தட்டு விழுந்தாலே வீட்டை ரெண்டாக்கிவிடுவாள். தகரக்காரன் பிள்ளையென்றால் சும்மாவா?

முன்பு ஊ, ஆ என்று ஓயாமல் கதை பேசுவான். இப்போது குறைத்துவிட்டான். முதலாளி ஆயிற்றே, அளந்துதான் பேசுவார்.

தம்பி

9.4.97

அன்புத் தம்பி,

உன் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன். பெட்டிகள் விழுந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்காக ஒன்று செய். அவன் விளையாடும்போது முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டு. திரும்புகிறானா என்று மட்டும் எழுது. அவளிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். ஒன்றும் இருக்காது. இருக்கக்கூடாது.

அக்கா

16.4.97

அக்கா,

திரும்பினான்! கையால் தட்டுவதென்ன, ஒரு தகரத்துண்டையே தரையில் ஓங்கி அடித்தேன். பலகைத் தளம் கிடுகிடுத்தது. சட்டென்று திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். போதுமா? அநியாயமாக ஒரு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டாய்.

தம்பி

22.4.97

தம்பி,

கோபித்துக்கொள்ளாதே. பலகை ஆடினால் யார்தான் திரும்பமாட்டார்கள்? பட்டறையை மூடிவிட்டு, தரையைத் தொடாமல், உன் நிழல் அவன்மேல் விழாமல் மறுபடி பார். திரும்பாவிட்டால் அன்றைக்கே காது டாக்டரிடம் போ. இந்த வயதில் தெரிந்தால் கருவி வைத்து, பயிற்சி கொடுத்து, பேச வைக்க வழி இருக்கிறது. தள்ளிப்போட்டால் பேச்சு வரவேண்டிய காலம் கைநழுவிப் போய்விடும்.

என் வகுப்பில் நாலு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். கூப்பிட்டால் வரமாட்டாள். பிடிவாதக்காரி என்று வீட்டில் அவளை அடித்திருக்கிறார்கள். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று யாருக்குமே தோன்றவில்லை. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. நான் பயந்துபோய் எழுதுகிறேன்.

அக்கா

28.4.97

என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. ஊரார் பிள்ளைகளையே பார்த்துப் பார்த்து உனக்கு எதைப் பார்த்தாலும் கோளாறாகத் தெரிகிறது. பெற்றிருந்தால் தெரியும். இனி இதைப் பற்றி எழுதாதே. எழுதினால் பிரிக்கமாட்டேன்.

12.5.97

தம்பி,

பிரிக்கமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். நீ சொன்னது வலித்தது. அது கிடக்கட்டும். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள், பிள்ளையை மட்டும் கூட்டிப்போ. நாள் போகப் போக எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்றும் உன் அக்கா

20.6.97

அக்கா,

உன் கடிதத்தைப் பிரிக்காமல்தான் வைத்திருந்தேன். சென்ற மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை மூடியிருந்தது. அவள் குளிக்கப் போயிருந்தாள். அவன் பின்னால் நின்று கை தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்புறம் கத்தினேன். அவன் பாட்டுக்குக் கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

கத்தல் கேட்டு அவள் ஈரத்தலையோடு ஓடி வந்தாள். அவனைக் கை காட்டினேன். அவளே சொன்னாள்: “எனக்குத் தெரியும்ங்க. மூணு மாசமாத் தெரியும். சொன்னா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு பயந்தேன்.” ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு ரெண்டு பேரும் ஒளித்து வைத்திருக்கிறோம். உன் முதல் கேள்வியிலேயே எனக்கும் உள்ளுக்குள் தெரிந்துபோனது அக்கா. அதனால்தான் உன்மேல் அப்படி விழுந்தேன்.

மறுநாளே காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். ரெண்டு காதும்தான் கேட்கவில்லை. தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். “என் சுத்தியல் சத்தமா டாக்டர்?” என்று கேட்டேன். “காரணம் தேடறதை அப்புறம் பார்க்கலாம். இப்பவே கூட்டிட்டு வந்தீங்களே, அது நல்லது” என்றார் டாக்டரம்மா. அடுத்த மாதம் கருவி மாட்டுகிறார்கள். பேச்சு எவ்வளவு வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. தெருவில் பின்னால் வண்டி வந்தால் என்ன செய்வான்? பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களா? மீசை முளைக்கும் வயதில் எங்களோடு பேசுவானா, முறைப்பானா? பதினைந்து வயது வரைக்கும் இப்போதே பயந்து முடித்துவிட்டேன்.

உனக்கு அந்த வார்த்தையை எழுதியது இதே கைதான். மன்னித்துவிடு என்று எழுதினால் போதாது. ஆனால் வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. அடுத்த விடுமுறை விட்டதும் வா. அவளும் உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வந்தால் வாசலில் நின்று அவனைக் கூப்பிடாதே அக்கா. நேராக உள்ளே போய் அவன் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்துகொள். அப்புறம் ‘அத்தை’ என்று சொல். மெதுவாகச் சொல். அவன் உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

தம்பி