மணற்கடிகாரம் வராத நாள்

செவ்வாய்க்கிழமை இரவு, மைசூர்.

கம்ப்யூட்டர் திரையில் காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரம் வந்து நின்றாலே போதும், என் கணவரின் கை என் மேல் விழும். கம்ப்யூட்டர் வேகமானால் அடி நிற்கும் என்று நம்பினேன். மண்டி மொஹல்லா கடைத்தெருவில் பழைய ரேம் மெமரி ஒன்றை மலிவாக வாங்கி வந்து, ஏற்கெனவே இருந்ததோடு கூடுதலாக நானே செருகினேன். “கிளிப் சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க அக்கா, அப்புறம் பறக்கும் நோடி, நீங்களே பாருங்க,” என்றிருந்தார் கன்னடம் கலந்து பேசும் கடைக்காரர்.

பறந்தது. மணற்கடிகாரம் வரவே இல்லை.

“பாத்தீங்களா, எவ்ளோ சீக்கிரம்!” என்றேன்.

“என்னைக் கேக்காம எவடி இதைத் திறந்தது?”

முடியைப் பிடித்து என் முகத்தைக் கீபோர்டில் மோதினார். உதடு கிழிந்து எழுத்துகளுக்கு நடுவே ரத்தம் இறங்கியது. துடைத்து வைக்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

துடைக்கவில்லை. மெமரியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். காலையில் மணற்கடிகாரத்தைப் பார்த்து அவர் கத்தட்டும். நான் சாமராஜநகர் பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன்.