ஐந்தாவது டயர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மனைவியும் நலம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அந்த விஷயத்தில் உன்னை மாதிரியே.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நாலு வாக்கியம் பேசிவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. பொறுமையாகப் படி.

முதலில் உனக்குக் கோபம் வரக்கூடிய செய்தி. நீ தூசி படாமல் வைத்திருந்த உன் எஸ்யூவிக்கு நான்கு டயர்களையும் மாற்றியாகிவிட்டது. கம்பெனி போட்டுக் கொடுத்ததைவிடப் பெரிய டயர்கள். முன் பம்பரின் இரண்டு கீழ் மூலைகளையும் வெட்டியிருக்கிறோம். கத்தி உன் மனைவியுடையது, கோடு நான் போட்டது. திட்டுவதென்றால் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டு.

போன மாதம் மலையடிப் பண்ணையில் கன்று செத்துப் பிறந்ததை அவள் உனக்குச் சொன்னாள். எப்படி என்று முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள். கல்குவாரி லாரிகள் ஓடி ஓடி அந்தப் பாதையில் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. வண்டியின் வயிறு மேட்டில் உட்கார்ந்துகொண்டது. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மீதி வழியை நடந்தே போயிருக்கிறாள். பசுவைக் காப்பாற்ற முடிந்தது, கன்றை முடியவில்லை. கால்நடை மருத்துவருக்கு இதெல்லாம் பழகியிருக்கும் என்று நினைத்தேன். பழகவில்லை. அன்று சாப்பிடாமல் படுத்தாள்.

அப்போதுதான் நீ போன் செய்தாய். வண்டியை விற்றுவிடலாம், இந்த வேலையை விட்டுவிடு, டவுனுக்குள்ளேயே நாய் பூனைகளைப் பார்க்கிற வேலை கிடைக்கும் என்றாய். நல்லதுக்குத்தான் சொன்னாய், தெரியும். அவளும் சரி என்றாள். மறுநாள் ராஜினாமாக் கடிதம் எழுதினாள். கையெழுத்து மட்டும் போடாமல் சாப்பாட்டு மேஜையில் பழக்கூடைக்கு அடியில் வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. நாலாம் நாள் என்னிடம் வந்து தையல் டேப்பைக் கேட்டாள். எதற்கு என்றதற்கு, "சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பார்க்கணும் அத்தை" என்றாள்.

டயர்க்கடைக்காரர் வண்டியையே உயர்த்தும் சாமான்களோடு சேர்த்து ஒரு விலை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு அவரிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தாளாம். பிறகு, உயர்த்தாமலே எவ்வளவு பெரிய டயர் போகும் என்று கேட்டிருக்கிறாள். உரசும் என்றார் அவர். எங்கே உரசும் என்றாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "எங்கன்னு தெரிஞ்சா அங்க மட்டும் சரி பண்ணிக்கலாமே" என்றாளாம். யாரோ ஒருவர் வாங்கிய மாதத்திலேயே அலுத்துப்போய்க் கழற்றிப் போட்ட டயர்கள் நான்கு கடைக்குப் பின்னால் கிடந்தன. நம் ரிம்முக்கே பொருந்துகிறவை. பக்கவாட்டில் இருந்த தயாரிப்புத் தேதியைப் படித்து, வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, நல்ல விலைக்குப் பேசி வாங்கிவிட்டாள்.

கடை வாசலில் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தபோது எங்கேயும் இடிக்கவில்லை. மறுநாள் மருந்துப் பெட்டிகளோடு கிளம்பினாள், முதல் பள்ளத்திலேயே கரகரவென்று சத்தம். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். நான் விசாரித்ததில், வெறும் வண்டியை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சட்டையை ஹேங்கரில் மாட்டி அளவு பார்ப்பார்களா? உடம்பு உள்ளே போக வேண்டும், கையைத் தூக்க வேண்டும், அப்போதுதானே அக்குளில் பிடிப்பது தெரியும்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்துப் பெட்டிகள், இரண்டு மணல் மூட்டை, பின்சீட்டில் நான். என் எடையால் இந்தக் குடும்பத்துக்கு ஒரு பிரயோஜனம் ஏற்பட்டது அன்றைக்குத்தான். ஒரு முன்சக்கரத்தைக் கல் மேல் ஏற்றி, டயரின் விளிம்பில் நான் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பினாள். மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு வெள்ளைத் தடம், பம்பர் மூலையில் ஒன்று. அடுத்த சக்கரத்திலும் அப்படியே. அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுவிட்டான்.

இரண்டு மூலையும் ஒரே மாதிரி இருக்கக் காகிதத்தில் அளவு வெட்ட வேண்டும். உள்ளே போய்ப் பழக்கூடைக்கு அடியில் இருந்த தாளை எடுத்து வந்தேன். கத்தரிக்கோலை வளைத்துப் போட்டதில் "மதிப்புக்குரிய ஐயா" ஒரு பக்கமும் "ராஜினாமா" இன்னொரு பக்கமும் போயின. அவள் பார்த்துவிட்டாள். "அத்தை, உங்க மூக்குக்கண்ணாடி எங்க?" என்றாள். உள்ளே இருக்கிறது என்றேன். இரண்டு துண்டையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு! அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா?

பம்பர் மூலைகளைக் கத்தியால் அறுத்தாள். உள் பிளாஸ்டிக்கை முடி உலர்த்துகிற மிஷினால் சூடாக்கி, பின்னால் தள்ளி ஸ்குரூ போட்டு இறுக்கினாள். இரும்பில் கை வைக்கவில்லை, பயப்படாதே. டயர்க்கடைக்காரர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "டாக்டரம்மா நம்ம கடையிலேயே சேர்ந்துடலாம்" என்றார். உள்ளதை மறைக்கக் கூடாது; ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கிறது, டீசல் முன்பைவிடக் குடிக்கிறது. மீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று சரியான கணக்கை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

போன வியாழக்கிழமை அதே பண்ணை, வேறு பசு. நானும் பின்சீட்டில் தொற்றிக்கொண்டேன். அந்த மேட்டை வண்டி சத்தமே இல்லாமல் தாண்டியது. கன்றின் முன்கால் உள்ளே மடங்கியிருந்ததாம். தோள்வரை கையை விட்டு, பசுவிடம் மெல்லப் பேசிக்கொண்டே நேராக்கி வெளியே எடுத்தாள். ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், அவள் வேலை செய்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் மனைவி கெட்டிக்காரியப்பா. கன்று எழுந்து நின்றுவிட்டது.

உனக்கு நாலு வயதாக இருந்தபோது, நான் நடத்திவந்த தையல் கடையை மூடிவிடு என்றார் உன் அப்பா. அவரும் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் சரி என்றேன். கத்தரிக்கோலை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இப்போது ஒரே ஒரு குறை. ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருக்கிறது. அந்தப் பாதையில் பஞ்சரானால் அதை நம்ப முடியாது. இதே அளவில் ஒன்று கடைக்காரர் எடுத்து வைத்திருக்கிறார். அவள் உன்னிடம் கேட்க மாட்டாள். அதனால் நான் கேட்கிறேன். அடுத்த மாதம் வரும்போது எனக்கு எதுவும் வாங்கி வராதே. வீட்டுக்கு வரும் வழியில் டயர்க்கடையில் இறங்கு. அந்த ஐந்தாவது டயரை வாங்கி, நம் வாசல்வரை நீயே உருட்டிக்கொண்டு வா. அவள் பார்க்கட்டும். வேறெதுவும் நீ சொல்ல வேண்டியதில்லை.

இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா