பின்பலகையில் எழுதிய வரி

ஏப்ரல் 6, திங்கள்

காலையிலேயே வெயில். தயிர் வாங்க மறந்தேன்.

சேந்தமங்கலம் தாண்டி அப்பாவின் லாரியைத் தேர்தல் பறக்கும் படை பிடித்துவிட்டது. பணமில்லை, பரிசுப் பொருளில்லை. பின்பலகை எழுத்துதான் குற்றமாம். வருடாந்திரத் தகுதிச் சான்று, எஃப்.சி.க்குப் பெயின்ட் அடிக்கும்போது எல்லோரும் அங்கே ஏதாவது எழுதுவார்கள். அப்பா இந்த வருடம் எழுதச் சொன்னது: ‘எங்க ஊருக்கு ரோடு போட்டுட்டு ஓட்டுக் கேட்டு வாங்க.’ அனுமதி வாங்காத பிரச்சாரமாம்.

லாரி தாலுகா ஆபீஸ் வளாகத்தில். மேலே முழு லோடு குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி; ஜவ்வரிசி ஆக்கும் சேலம் சேகோ மில்லுக்குப் போக வேண்டியது.

அம்மா: “வக்கீலுக்குப் படிச்ச புள்ளைய ஊட்ல வெச்சுக்கிட்டு...” நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வாய் வராது. அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சரியான தூக்கமில்லை. மனு போட்டாயிற்று. நான் ஜூனியராக இருக்கும் சீனியர் மேடம் பேசுவார், நான் பக்கத்தில். பேச்சுரிமைத் தீர்ப்புகள் ஒரு கட்டு எடுத்தேன். செருப்பு வார் அறுந்தது.

லாரிக்குப் போய் ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்தேன். உள்ளே நீலக் கோடு. இன்னும் கெட்டால் மில்லில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எதிர் டீக்கடையில் ஒருவர் அப்பாவிடம்: “ஏனுங்ணா, சாமி துணைன்னு எழுதியிருந்தா இந்நேரம் மில்லுல நிப்பீங்கல்ல?”

அப்பா: “சாமிகிட்டயும் கேட்டுப் பாத்தாச்சுங்க. ரோடு வரல.”

ஏப்ரல் 8, புதன்

கோர்ட். மின்விசிறிச் சத்தம்.

அரசு வக்கீல்: “வண்டி ஊர் ஊராப் போகுதுங்க ஐயா. ஆளாளுக்கு எழுத ஆரம்பிச்சா தேர்தல் ஒழுங்கா நடக்குமா?”

மேடம்: “சின்னம் இல்லை, பேர் இல்லை. தன் வண்டியில தன் குறையை எழுதக் கூடாதா?”

இரண்டும் சரியென்றே பட்டது. அதுதான் இன்னும் அரிக்கிறது.

நீதிபதி அடுத்த வாரத்துக்குத் தள்ளப் போனார். என் வாய் தானாகத் திறந்தது. “ஐயா, கிழங்கு அழுகிப் போயிரும்ங்க.”

பின்னால் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை. உத்தரவு: லாரியை லோடோடு விட வேண்டும். ஓட்டுப்பதிவு முடியும்வரை எழுத்து மூடியிருக்க வேண்டும். உரிமையா விதியா என்பது பிறகு.

தீர்ப்புக் கட்டு பையிலேயே.

ஏப்ரல் 9, வியாழன்

அப்பாவோடு லாரியில் நானும். பின்பலகையில் நீலத் தார்ப்பாய், இறுக்கக் கட்டி. மில் வாசலில் வரிசை. விலை குறைத்து எடுத்துக்கொள்வார்களாம்.

பின் லாரி டிரைவர்: “ஏனுங் மாமா, பலகைக்குச் சேலை கட்டி உட்டிருக்கீங்க? உள்ள என்னங்க எழுதியிருக்குது?”

அப்பா என்னைப் பார்த்தார். “கோர்ட்டு மூடச் சொல்லியிருக்குது. சொல்லலாமா சாமி?”

உத்தரவை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டினேன். மூட வேண்டியது எழுத்து என்றுதான் இருந்தது, பேச்சு என்று இல்லை. இறங்கினேன். அந்த வரியைச் சொன்னேன்.

வரிசைக் கடைசியிலிருந்து ஒரு குரல்: “கேக்கலீங்க அம்மணி!”

மறுபடியும் சொன்னேன்.