பீரோவில் பூட்டின பம்பு

ஞாயிறு, ஐப்பசி மழை. விழுப்புரம்.

திண்டிவனத்துல அக்கா மகள் கவிதாவைப் பெண் பார்க்க வந்தாங்க, நாங்களும் போயிருந்தோம். பொண்ணுக்கு லேசா இளைப்பு உண்டு. தெரிஞ்சா சம்பந்தம் போயிடும்னு, மூச்சுக்கு இழுக்கிற பம்பை அக்கா பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. "தூதுவளை ரசம் குடிச்சிருக்கா, அது போதும்."

அந்த ரசத்தைச் சொல்லிக் குடுத்ததே என் பொண்டாட்டி செல்விதான். அவளுக்கும் இதே இளைப்பு. ராத்திரி தயிர், ஐஸ் தண்ணி எல்லாத்தையும் நிறுத்திட்டா, மழைக்காலம் பூரா தூதுவளைதான். ஆனா டாக்டர் குடுத்த பம்பை மட்டும் விடலை.

மங்களகரமா இருக்கட்டும்னு அக்கா கூடம் பூரா சாம்பிராணி போட்டா. கவிதாவுக்கு இழுக்க ஆரம்பிச்சுது. முந்தானையால வாயைப் பொத்திக்கினு குனிஞ்சுக்கினா. நான் பார்த்தும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

செல்வி எழுந்தா. எல்லார் எதிரிலேயும் தன் பம்பை எடுத்து இழுத்தா. "எனக்கு இளைப்பு இருக்குதுங்க. கவிதாவுக்கும் இருக்குது. அண்ணி, பீரோ சாவியக் குடுங்க."

அக்கா முகம் செத்துப்போச்சு. மாப்பிள்ளையோட அம்மா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாங்க.

பம்பை இழுத்தப்புறம்தான் கவிதா நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தா.

போன் பண்றோம்னு போனவங்க இன்னும் பண்ணலை. செல்வி தூங்கறா, மூச்சுச் சத்தமே இல்லை. இவளை நான் பெண் பார்க்கப் போன அன்னிக்கு இவ பம்பு எந்த பீரோவுல இருந்துதோ. இதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை.