பச்சைக் கதவு

ஜூன் 3, செவ்வாய்

நூலகத்தில் மேலாளர் கூப்பிட்டார். சனிக்கிழமை பிள்ளைகளுக்கு நான் படிக்கும் கதை நேரத்துக்கு இனி பழைய பேய்க் கதைகளாம். "பிள்ளைங்க போன்ல இதைவிட மோசமா பாக்குதுங்க. நல்ல பேயா நாமளே அறிமுகப்படுத்துவோமே." சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

ஜூன் 7, சனி

பதினொரு பிள்ளைகள். முன்வரிசையில் என் மகள். வேறெங்கே விடுவது? அவள் அப்பா இறந்து ஏழு மாதம்.

கிணற்றுக்குள்ளிருந்து குரல் கேட்கும் கதை. நாளை தண்ணீர் வராது என்று அறிவிப்பதுபோல் படித்திருக்கிறேன். ஒரு வாண்டு சொன்னது: "ஆன்ட்டி, பேய்க்கே தூக்கம் வந்துடும்."

கோபம்கூட வரவில்லை.

ஜூன் 10

துவைத்தேன். சமைத்தேன்.

ஜூன் 14, சனி

பூட்டிய அறைக் கதை. பெரிய வீடு, ஓர் அறைக்கு மட்டும் சாவி தரமாட்டார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டேன். பாம்பு, பாதி உடம்பு, கணக்கு வாத்தியார் — ஆளுக்கொன்று.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் தன் பதிலைச் சொன்னாள்: "உள்ள இருக்கறது அப்பாதாம்மா."

"என்னடி சொல்ற?"

"ஆஸ்பத்திரில, பச்சைக் கதவு. என்னை நீ உள்ள விடவே இல்ல. அப்புறம் அப்பா வரவே இல்ல. உள்ள அவரை என்ன பண்ணாங்க?"

ஏழு மாதமாக இதையா சுமந்தாள்? சின்னப் பிள்ளை உடலைக்கூடப் பார்க்க வேண்டாம் என்றது என் அண்ணன்தான். தலையாட்டியது நான்.

ரோட்டைக் கடந்தோம். பால் வாங்கினோம்.

ஜூன் 15

அண்ணனுக்குப் போன் செய்தேன். "ஏன் பழசைக் கிளறுற? விடும்மா, மறந்துடுவா."

எதை மறப்பாள்? பார்க்காததை எப்படி மறப்பது?

ஜூன் 18, புதன்

அரை நாள் விடுப்பு. மகளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸுக்கு என்னை ஞாபகம் இருந்தது. அறை காலி. "ரெண்டு நிமிஷம்தான்" என்று பச்சைக் கதவைத் திறந்துவிட்டாள்.

மகள் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சைக்கிள்கள்.

"அப்பா எந்தப் பக்கம் தலை வெச்சிருந்தாரு?"

காட்டினேன்.

"வலிச்சுதா?"

முதல் நாள் வலித்தது, அப்புறம் மருந்தில் தூங்கிவிட்டார், தூக்கத்திலேயே போய்விட்டார் என்றேன். இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான்டா."

மெத்தையை ஒரு தரம் தடவிக் கொடுத்தாள். வராந்தாவுக்கு வந்ததும் உடைந்தாள். பெருங்குரல். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையில் கைக்குட்டை தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டு பேருக்கும் என் துப்பட்டாதான்.